காலையில் கல்லாகும் சொக்

786
பதுளை
1974 ஜனவரி, வியாழக்கிழமை

பதுளை மாநகரப் பொதுமக்களுக்கும் பொத்துவில் வாழ் நபீலா ராத்தாவுக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில், மேன்மைதங்கிய வாப்பா அவர்களின் வலது கைப் பெருவிரல் கார் தூக்கும் ஜெக்கில் நசுங்கிய காரணத்தால் மறு அறிவித்தல் வரை விடுமுறையில் உள்ளது, அன்னாரின் எழுத்து வேலைகளை இளைய மகன் புவாத் பதில் கடமையாகக் கவனிப்பார். முதலில் ஸலாத்தை எழுதடா என்று வாப்பா இப்போது என் பிடரியில் ஒன்று வைத்தார், ஆகவே ஸலாம்.

அன்பு மகள் நபீலாவுக்கு வாப்பா சொல்லி எழுதுவிப்பது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் உம்மாவும் தம்பியும் அல்லாஹ்வின் உதவியால் சுகம், மழை விட்டு இப்போது பனி பிடித்திருக்கிறது, அங்கே நீயும் மருமகன் ஸரூக்கும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். தலைப்பிள்ளையை உம்மா வீட்டில்தான் பெற வேண்டும், ஏழாம் மாதத்தில் வந்து கூட்டிக்கொண்டு வருகிறோம் என்று உனக்குச் சொல்லியிருந்தோம். உடம்பு குலுங்கக் கூடாது, பஸ்ஸில் ஏறவே கூடாது என்று அங்குள்ள டொக்டர் சொன்னதாக நீ எழுதிய நாளிலிருந்து எனக்கு நம்முடைய காரைப் பற்றிய யோசனைதான். அதில் நடந்த சங்கதியை உன் தம்பி எழுதுவான், கூட நின்றவன் அவன்தான். கூட்டாமல் குறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இனி நான், ராத்தா. நம் மொரிஸ் கார் வாப்பாவின் கலியாணத்துக்கும் முந்திய வண்டி என்பது உங்களுக்குத் தெரியும், அதன் பின் பக்கத்துச் சொக் அப்சோபர் இரண்டும் செத்துப் பல வருடமாகிறது என்பதும் அதில் ஏறியவர்களுக்கெல்லாம் தெரியும். இந்தக் காலத்துக் காருக்குச் சொக் என்றால் சைக்கிள் பம்பு மாதிரி நீட்டுக் குழாய், நம்முடையது அப்படியில்லை, வெற்றிலைப் பெட்டியளவில் ஓர் இரும்புப் பெட்டி, அதிலிருந்து ஒரு கை நீண்டு சக்கரத்து அச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும், வண்டி குழியில் விழும்போது பெட்டிக்குள் இருக்கிற எண்ணெய்தான் அந்தக் கையைத் துள்ள விடாமல் மெல்ல இறக்க வேண்டும். நம்முடைய பெட்டியில் எண்ணெயும் நிற்காது, கைக்கு அடக்கமும் கிடையாது, ஒரு குழியில் விழுந்தால் அடுத்த குழி வருமட்டும் ஆடிக்கொண்டே போகும். ஓடும் கார் என்பதைவிட ஆடும் கார் என்றால் பொருத்தம். பின் சீட்டில் பாலை வைத்தால் பசறை போய்ச் சேருமுன் மோராகிவிடும், அதனால்தான் மொரிஸ் என்று பெயர் வைத்தார்களா வாப்பா என்று கேட்டேன், அதற்கும் பிடரியில்தான் பதில் வந்தது. இந்த வண்டியில் நமுனுகுல வளைவுகளைத் தாண்டி உங்களைக் கொண்டுவருவதாவது என்று உம்மா அழ ஆரம்பித்த பிறகுதான் வாப்பா சொக் தேடப் புறப்பட்டார், துணைக்கு நானும்.

வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத இந்தக் காலத்தில் எங்கே போய்த் தேடுவது. பண்டாரவளையில் ஒரு மோட்டார் சாமான் கடைக்காரர் அந்த மாதிரிச் சொக்கைத் தான் கண்ணால் கண்டே பத்து வருடமாகிறது என்றார், வெளியே வந்ததும் வாப்பா, உள்ளுக்குள்ள அடுக்கி வச்சிக்கிட்டுத்தான் இல்லெண்டு சொல்றான், அவன்ட கண்ணப் பாத்தியா என்றார். நான் பார்த்தேன், சாதாரணக் கண்தான். ஹாலிஎலயில் கராஜ் வைத்திருக்கிற பாஸ் என்கிற மேஸ்திரி, புதுமாதிரிக் குழாய்ச் சொக் இரண்டை வெல்டிங் வைத்துப் பொருத்தித் தருகிறேன் என்றார், வாப்பா குனிந்து பார்த்துவிட்டு, மேல் முனையைப் பிடிக்க இந்த வண்டியில் இடமே இல்லையே, எதில் வெல்டிங் வைப்பாய் என்று கேட்டதற்குப் பாஸ் இடத்தையும் வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொன்னார். அவனிட்ட தலவலிக்குப் போனாலும் வெல்டிங்தான் வைப்பான் என்று சொல்லி வாப்பா திரும்பிவிட்டார். வாப்பாவின் சந்தேகம் உங்களுக்குப் புதிதில்லை, கத்தரிக்காயில் புழு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் உண்டு, வாப்பா புழு இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்பவர்.

இந்த இடத்தில் ஒரு பெரிய மூளை தேவைப்பட்டது, தற்செயலாக அது என்னிடம் இருந்தது. பழைய பெட்டியைக் கழற்றி, போல்ட் ஓட்டைகளின் மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்து அச்செடுத்தேன், கையின் நீளத்தையும் அதிலேயே கோடு போட்டேன். (அதைக் கழற்றும்போதுதான் ஜெக் நழுவி வாப்பாவின் விரல் விடுமுறைக்குப் போனது, நான் ஜெக்கைத் தொடவில்லை, பக்கத்தில்தான் நின்றேன்.) அந்தக் காகிதத்தோடு பசறை பஸ் ஸ்டாண்டில் லொறிக்காரர், கார்க்காரர் ஒருவர் விடாமல் மறித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டுகிற மாரிசாமி என்பவர் மட்டும் சிரிக்காமல் காகிதத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த ரெண்டு ஓட்டைய நான் எங்கயோ பாத்திருக்கேன் தம்பி, எங்க தோட்டத்துப் பழைய டாக்டரய்யா காரு பெக்டரிக்குப் பின்னால கோழி அடையக் கெடக்கு, அதுலயும் இதே பொட்டிதான் இருக்கு என்றார். வேறு கொம்பனிக் கார்தான், ஆனால் துரையிடம் கேட்டு அவர் கழற்றிக்கொண்டு வந்து வைத்தபோது ஓட்டைக்கு ஓட்டை பொருந்தியது, கை மட்டும் ஒரு நகக்கண் அளவு கூடுதல் நீளம், அது பரவாயில்லை என்றார். வலது பக்கத்துப் பெட்டியை இடது பக்கம் போட்டால் கை எதிர்ப்பக்கம் பார்க்கும், அதையும் சரியாகப் பார்த்து இரண்டையும் அவரே பூட்டினார்.

இனிமேல்தான் வாப்பா. என்ன தர வேண்டும் என்று கேட்டார். ஒங்க மகளு ஏறி வாற வண்டிக்குத்தானுங்களே மொதலாளி, காசு வேணாங்க, பழைய சொக்கு ரெண்டையும் மட்டும் குடுத்துடுங்க என்றார் மாரிசாமி. காசு கேட்டிருந்தால் வாப்பா நம்பியிருப்பார். வேலைக்காகாத பழைய பெட்டி உனக்கு எதற்கு என்று கேட்டதற்கு, எங்க ஸ்டோர்ல மம்பட்டி தேஞ்சாலும் பழசக் கொண்டாந்து போட்டாத்தான் புதுசு குடுப்பாங்க, அந்தப் பழக்கங்க என்று சிரித்தார். வாப்பா அன்றைக்கே பழைய பெட்டி இரண்டையும் கடதாசியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். உம்மா தன் நகையை அந்த அலுமாரியில் பூட்டிக் கண்டதில்லை.

மாரிசாமிக்கு மாலையில் கொழுந்து ஏற்றப் போக வேண்டியிருந்தது. பெட்டிக்குள் மெல்லிய மெசின் எண்ணெயாக வாங்கி ஊற்றச் சொல்லி எனக்கு விளங்கப்படுத்திவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பண்டாரவளைக்கு ரயிலில் போய் எண்ணெய் வாங்கியது, வந்து இரண்டு பெட்டியிலும் ஊற்றி மூடியை இறுக்கியது எல்லாம் முழுக்க முழுக்க என் கைவேலை. இந்த ஊவா மாகாணத்தில் என் வயதில் சொக்குக்கு எண்ணெய் போட்ட இன்னொருவன் இருந்தால் காட்டுங்கள், நான் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். அன்று பகல் ஹாலிஎல வரை ஓடிப் பார்த்தோம், உங்களுக்குப் பதிலாகப் பின் சீட்டில் உம்மாவை உட்கார வைத்திருந்தோம், தொட்டில் மாதிரி இரிக்கி என்றார் உம்மா. வாப்பா ஒருமுறை சிரித்தார், கண்ணாடியில் நான் கண்டேன்.

மறுநாள் ஸுபஹு தொழுதுவிட்டு இருட்டு விலகும் நேரத்தில் இன்னுமொருமுறை பார்ப்போம் என்று வாப்பா வண்டியை எடுத்தார். தெருமுனைச் சாக்கடைக் கானில் விழுந்ததுதான் தாமதம், உம்மாவின் தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. சொக் இறங்கவே இல்லை ராத்தா, இரண்டும் கல். கட்டை வண்டியில் போவது போல ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் பேசியது. இந்த வண்டில என்ட மகள ஏத்தினா மொனராகலையிலயே புள்ள பொறந்திரும் என்று உம்மா பாதி வழியில் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அதே வண்டி, அதே கான், அதே உம்மா, பஞ்சு மாதிரி போனது. அடுத்த நாள் காலை மறுபடி கல், பகலில் மறுபடி பஞ்சு. வாப்பாவின் கண் சின்னதாகத் தொடங்கியது. யாரோ வந்து மாற்றி வைக்கிறான் என்றார். நல்லதைக் கழற்றிக் கெட்டதைப் போட்டு, பிறகு கெட்டதைக் கழற்றி நல்லதைப் போடுவதில் ஒருவனுக்கு என்ன லாபம் என்று உம்மா கேட்டதற்கு, அதத்தான் நானும் யோசிக்கிறன் என்று சொல்லிவிட்டு, தன் புடவைக் கடையிலிருந்து சிவப்பு நூல் கொண்டுவந்து போல்ட்டுக்குப் போல்ட் கட்டி வைத்தார். காலையில் நூல் அறாமல் இருந்தது, சொக் கல்லாக இருந்தது. அப்போதுதான் வாப்பாவுக்கு எல்லாம் விளங்கியதாம். அந்த டாக்டரின் கார் பெக்டரிக்குப் பின்னால் கிடந்ததே இந்தச் சொக்கினால்தான், இந்தச் சனியனை நம் தலையில் கட்டிவிட்டு நம்முடைய நல்ல பெட்டிகளை அடித்துக்கொண்டு போகத்தான் மாரிசாமி காசு வேண்டாம் என்றிருக்கிறான்.

நேற்றுப் பசறைக்குப் போய் பஸ் ஸ்டாண்டில் வைத்தே வாப்பா அவரைப் பிடித்தார். ஆட்கள் நிறைய. நீ ஆரெண்டு எனக்கு இப்பதான் தெரியும், புள்ளத்தாச்சி ஏறுற வண்டியில விளையாடுறியா, வந்து ஒன்ட சாமானக் கழட்டிட்டுப் போ என்று சத்தம் போட்டார். தேத்தண்ணிக் கடைக்காரர்கூட வெளியே வந்து பார்த்தார். சரிங்க மொதலாளி, நாளைக்குச் சாயந்தரம் வந்து கழட்டிக்கிறேன், ஆனா ஒங்க மகள பஸ்ல மட்டும் கூட்டியாந்துடாதீங்க என்றார் மாரிசாமி. நான் வாப்பாவுக்குப் பின்னால் நின்று கடலை தின்றுகொண்டிருந்தேன்.

வாப்பா சொல்வது: ஆகவே மகள், இதைக் கேட்டு மனதை நோகவிடாதே. அந்த வண்டியில் உன்னை ஏற்ற எனக்குத் தைரியமில்லை, வேறு சொக் கிடைக்கவும் போவதில்லை. நீ வர வேண்டாம். அங்கேயே டொக்டரிடம் காட்டிப் பிள்ளையைப் பெற்றுக்கொள், அல்லாஹ் போதுமானவன். உன் உம்மாவை எப்படியாவது நான் அங்கே அனுப்பப் பார்க்கிறேன்.

ராத்தா, வாப்பா அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய், அங்கிருந்து கடைக்குப் போகிறார். துஆவை நீயே எழுதி ஒட்டித் தபாலில் போடு என்றார். உம்மா உங்களுக்காக வெயிலில் காயப்போட்டு வைத்திருந்த மெத்தையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருக்கிறார், கோபத்தில் மெத்தையைத்தான் அடிக்கிறார். வர வேண்டாம் என்று என் கையாலேயே எழுதிவிட்டேன், எழுதிய பிறகு இந்தப் பேனா துஆவுக்கு நகரமாட்டேன் என்கிறது. சொக்கில் ஒரு குற்றமும் இல்லை. பண்டாரவளையில் எண்ணெய் வாங்கினேன் என்று மேலே எழுதியது உண்மை. ரயிலில் அந்தப் போத்தலை ஒரு விரலில் நிறுத்தி எதிர்ச் சீட்டுப் பிள்ளைகளுக்கு வித்தை காட்டினேன், அதுவும் உண்மை, ஹாலிஎல வருமுன் ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது, போத்தல் போயிற்று. வீட்டுக்கு வந்தால் வாப்பா இன்னும் ஊற்றவில்லையா என்று குரல் கொடுக்கிறார். சமையலறையில் உம்மாவின் தேங்காயெண்ணெய் இருந்தது. பகல் நேரம், தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது, மெல்லிய எண்ணெய்தானே வேண்டும் என்று இரண்டு பெட்டியிலும் அதையே நிரப்பிவிட்டேன். மறுநாள் காலை, கூரையில் இடிபட்ட தலையோடு வீட்டுக்கு வந்த உம்மா எண்ணெய் வைக்கப் போத்தலைக் கவிழ்த்தார், ஒரு சொட்டு விழவில்லை, வெள்ளைக் கட்டியாக உறைந்து நின்றது. பனிக்காலத்தில் எப்போதும் செய்வது போல அடுப்போரம் வைத்து உருக்கிக்கொண்டார். காருக்கு அடுப்போரம் இல்லை, வெயில் ஏறும்வரை அது உறைந்துதான் கிடந்தது.

அந்தக் காலையே எனக்கு விளங்கிவிட்டது ராத்தா. வாப்பா நூல் கட்டும்போது நூற்பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தவனே நான்தான். சந்தேகம் வேறு பக்கம் பெய்கிறது, நாம் நனையாமல் நிற்போம் என்று நின்றேன். நேற்றுப் பஸ் ஸ்டாண்டில் வாப்பா ஏசி முடித்த பிறகு மாரிசாமி என்னைப் பார்த்து, எண்ணெய் நல்லா ஊத்துனீங்களா தம்பி என்று மட்டும் கேட்டார். ஆமா என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு லொறிக்குப் போய்விட்டார். இப்போது நான் இதை இப்படியே வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை

போனேன். நானாகவே கடைக்கு நடந்து போய், வாப்பா கல்லாவில் இருக்கும்போது நேருக்கு நேர் நின்று ஒரு ஆம்பிளை மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். வாப்பா முதலில் கேட்டது, ஹாலிஎல பாஸ் சொல்லித் தந்தானா என்பதுதான். இல்லை, நான்தான் என்றேன். அடிக்கவில்லை ராத்தா. துணிக் கட்டின் மேல் உட்கார்ந்தார். புடவை பார்க்க வந்த இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், கூப்பிடவும் இல்லை. ஆளுகள் பாக்க அவன ஏசினேனே என்றார், பிறகு அதையே இன்னொருமுறை சொன்னார். பிடரியில் ஒன்று வைத்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சொன்னபடி சாயந்தரம் மாரிசாமி சாவிக் கட்டோடு வந்தார், வீட்டுக்குள் வராமல் நேரே காரின் கீழ்தான் போனார். வாப்பா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் மூடியைத் திறந்து விரலை விட்டு மோந்து பார்த்தார், பிறகு காருக்கு வெளியே நீட்டியிருந்த கால் இரண்டும் குலுங்கின, சிரிக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. வண்டிக்கு முடி வளக்கப் பாத்தீங்களா தம்பி என்றார். மண்ணெண்ணெய் விட்டு இரண்டு பெட்டியையும் கழுவி, தன் லொறிக்கு வைத்திருந்த மெல்லிய எண்ணெயில் கொஞ்சம் ஊற்றி மூடினார். வாப்பா பக்கத்திலேயே நின்றார். மாரிசாமி, நான் பஸ் ஸ்டாண்டுல பேசினதுக்கு வீட்டு வாசல்ல மன்னிப்புக் கேக்கேலா, நாளைக்கு ஜும்மாவுக்கு முந்தி அங்கேயே வாறன், நீங்க நிக்கணும் என்றார் வாப்பா. அன்றுவரை நீ என்றுதான் பேசியவர். அதெல்லாம் என்னத்துக்குங்க என்று அவர் எவ்வளவோ சொன்னார், வாப்பா கேட்கவில்லை.

இன்று விடியக்காலம் நல்ல பனி, அந்தப் பனியில் ஹாலிஎல வரை ஓடினோம், திரும்பிப் பார்த்தால் உம்மா பின் சீட்டில் நித்திரை. பிறகு பசறைக்குப் போனோம். தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் அதே இடத்தில், நேற்று முன்தினம் நின்றவர்கள் பலர் இருக்கும்போது, என்ட வீட்டுப் பிழைய இந்த மனுசன்ட தலையில போட்டுட்டன், பொறுத்துக்கொள்ளணும் என்று வாப்பா சத்தமாகவே சொன்னார். மாரிசாமி எங்கே பார்ப்பதென்று தெரியாமல் லொறிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா கார்ச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்து, என்ட விரலால ஸ்டியரிங் பிடிக்கேலா, பொத்துவிலுக்கு நீங்கதான் ஓட்டணும் என்றார். அந்தச் சாவியை வாப்பா இன்னொருவர் கையில் கொடுத்ததை இன்றுதான் கண்டேன். அதற்குப் பிறகும் அவர் தோட்டத்துக்குத் திரும்பும்வரை லொறிக்குப் பின்னாலேயே போய், வளைவில் எப்படி ஓட்டுகிறார் என்று பார்த்தோம் என்பதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன், காரை ஓட்டியது வாப்பாதான், நான்கு விரலால்.

இனி வாப்பா: மகள், மேலே வர வேண்டாம் என்று எழுதியிருப்பதை வெட்டிவிடு. தோட்டத்தில் மாரிசாமிக்கு லீவு கிடைத்திருக்கிறது, வரும் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை இன்ஷா அல்லாஹ் நானும் உம்மாவும் அவரும் வந்து சேர்வோம், அவருக்குச் சைவச் சாப்பாடு ஏற்பாடு செய்யச் சொல், சனிக்கிழமைகளில் அவர் மாமிசம் தொடமாட்டாராம். மருமகன் வீட்டார் அன்பாக அரிசி கட்டித் தந்தாலும் வண்டியில் ஏற்றக் கூடாது, ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோகத் தடை என்று வழியில் மறித்து மூட்டை அவிழ்க்கிறார்கள், உன்னை வெயிலில் நிறுத்தி வைப்பார்கள். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்காதே, மாடிப்படி ஏறாதே, யார் என்ன மருந்து தந்தாலும் டொக்டரைக் கேட்காமல் குடிக்காதே, யாரையும் நான் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. அல்லாஹ் உன்னையும் உன் வயிற்றில் உள்ளதையும் ஈமானோடும் நிறைந்த ஆயுளோடும் வைப்பானாக. உம்மாவின் ஸலாமும் முத்தமும். மெத்தை மறுபடி வெயிலில் கிடக்கிறது.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்
வாப்பா, எம். அலவி
(இடது கைக் கையொப்பம்)

ராத்தா, ஒட்டுமுன் ஒரு சின்னத் திருத்தம், வாப்பா பார்க்கவில்லை. மேலே நானாகவே கடைக்கு நடந்து போய்ச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். நான் அஸருக்குப் பிறகு எழுதிவைத்துவிட்டு எழும்பிய காகிதத்தை உம்மா எடுத்துப் படித்துவிட்டார். நடந்து போனது உண்மை. காது மட்டும் உம்மாவின் கையில் இருந்தது.